மூட்டைக்கு ஒரு கிலோ

ஹஜ் கமிட்டி குலுக்கலில் எனக்கும் என் மனைவிக்கும் பெயர் வந்ததும், வழக்கப்படி வீடு வீடாகப் போய் மாப்பு கேட்க ஆரம்பித்தேன். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க, எங்களுக்காக வேண்டிக்கங்க." கோத்தகிரி பஜாரில் தொடங்கி, நான் முன்பு தேயிலை எடுத்த படுகர் ஊர்களான ஹட்டிகள் வரைக்கும் போனேன். ஒரு படுகர் பெரியவர் என் தலையில் கைவைத்து, "நல்லபடியா போயிட்டு வா பாய்" என்றார். அந்தக் கை தலையில் இருக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதை மன்னிக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

1996 முதல் 2000 வரை நான் இலை ஏஜென்ட். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலையை எடை போட்டு எடுத்து ஃபாக்டரிக்கு ஏற்றிவிடுவேன். மாதம் ஒருமுறை பட்டுவாடா. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வெளுக்கும். நனைந்த இலைக்குத் தண்ணீர்க் கழிவு என்று கொஞ்சம் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்து நடப்பது. அதில் குற்றமில்லை. மாசி மாதத்துக் காய்ந்த இலையிலும் நான் கழித்தேன்.

தராசைக் கிளையில் தொங்கவிட்டு மூட்டையைக் கொக்கியில் மாட்டுவேன். மூட்டை ஆடும், முள்ளும் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் "இருபத்தி நாலு" என்று சத்தமாகச் சொல்லி இறக்கிவிடுவேன். முள் இருபத்தஞ்சில் நிற்கப் போகிறது என்று என் கைக்கு முன்பே தெரிந்திருக்கும். விவசாயியின் சிட்டையில் 24, ஃபாக்டரியில் 25. என் நோட்டில் மட்டும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பென்சிலில் இருக்கும். எவ்வளவு மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

அந்த வருஷங்களின் கடைசியில் இலை விலை விழுந்தது. ஹட்டிகளில் அடுப்பெரிவதே கஷ்டமாக இருந்த காலம். அப்போதும் நான் கழித்தேன். பிறகு அந்தத் தொழிலை விட்டு ஸ்வெட்டர் கடை போட்டேன்.

இடையில் நான் இஸ்திக்ஃபார் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்காமல் இருந்தவன் இல்லை. கடமையான ஒவ்வொரு ஃபர்ளு தொழுகைக்குப் பிறகும் மூன்று முறை அஸ்தக்ஃபிருல்லாஹ். காலையில் சையிதுல் இஸ்திக்ஃபார் என்ற மன்னிப்புப் பிரார்த்தனை. அந்த துஆவில், "நீ எனக்குச் செய்த அருளை ஒத்துக்கொள்கிறேன், என் பாவத்தையும் ஒத்துக்கொள்கிறேன்" என்று வருகிறது. அல்லாஹ்விடம் ஒத்துக்கொண்டேன். இலை கொடுத்தவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத்தைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைவிடப் பல வயது சின்னவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை கிலோ பாய்?" என்றார்.

"தெரியல ஹஜ்ரத்."

"நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தெரியும்."

பாவத்தை விட்டுவிடுவது, வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதி கொள்வது, இந்த மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் நடுவில் உள்ள பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதற்கு. இன்னொரு மனிதனின் ஹக்கு, அதாவது உரிமை என்றால் நாலாவது ஒன்றும் உண்டு, உரியவரிடம் அதைத் திருப்ப வேண்டும் என்று பழைய மார்க்க அறிஞர் இமாம் நவவி சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். முறையாக ஹஜ் செய்தவர் அன்று பிறந்த குழந்தைபோலத் திரும்புகிறார் என்ற ஹதீஸை, நபிமொழியைப் பிடித்துக்கொண்டு நான் கிளம்ப நினைத்திருந்தேன். "அல்லாஹ் பாதையில உயிர் விட்ட ஷஹீதுக்கே கடனைத் தவிர மத்ததுதான் மன்னிக்கப்படும்னு ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்புல ஹதீஸ் இருக்கு பாய்" என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. குர்ஆனின் 83ஆவது அத்தியாயமே, அளவில் மோசம் செய்கிறவர்களுக்குக் கேடு என்றுதான் தொடங்குகிறது. எத்தனை ரமளான் தொழுகையில் இமாமுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

பழைய விலைக்கா, இன்றைய விலைக்கா என்று கேட்டேன். "நீங்க எடுத்தது இலை. இலையோட இன்னிக்கு விலையைக் கொடுங்க." நோட்டில் பதினோரு வீடுகள். முதல் வீட்டுக்கு மட்டும் 412 மூட்டை, 412 கிலோ. கூட்டிக்கொண்டே போனபோது விடிந்துவிட்டது. என் மனைவி ஒன்றும் கேட்காமல் இரண்டு வளையலைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தாள்.

மறுபடியும் அதே வீடுகளுக்குப் போனேன். இந்த முறை எண்ணைச் சொன்னேன். "அம்மா, உங்க வீட்ல இத்தனை கிலோ குறைச்சு எழுதியிருக்கேன்." வாய் உலர்ந்துபோனது. ஒரு வீட்டில் கணவர் மவுத்தாகிவிட்டார். அந்த அம்மா வெள்ளை முண்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே, "அவருக்குத் தெரியும் பாய். அரிசிக் கடைத் தராசுல ஒரு நாள் போட்டுப் பார்த்தாரு. மழையில அந்தப் பாதைக்கு வேற யாரும் வர மாட்டாங்கன்னு பேசாம இருந்துட்டாரு" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார், மன்னித்தேன் என்றும் சொன்னார். சொல்ல வேண்டியவர் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார்.

ஒரு குடும்பத்துக்கு வாரிசே கிடைக்கவில்லை. அவர்கள் பங்கை அவர்கள் பேரில் தர்மம் செய்தேன்.

பதினோராவது வீட்டுக்காரர் என் வயதுக்காரர். நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். பணத்தை இரண்டு முறை எண்ணினார். "அந்த வருஷம்தான் என் மகளைக் காலேஜ்ல இருந்து நிறுத்தினேன். காசை வச்சிட்டுப் போ. மத்ததை இப்பக் கேக்காத" என்றார். அவர் நியாயம் அது. "அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள்" என்ற குர்ஆன் வசனம் எனக்காக இறங்கியது என்று நம்புகிறேன். ஆனால் அதைக் காட்டி அந்த மனிதரை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

ஹஜ்ஜில் அரஃபா மைதானத்தில் நின்று பதினோரு பேரின் பெயரையும் சொல்லித்தான் துஆ கேட்டேன். திரும்பி வந்ததும் பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கும் போனேன். வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. நான் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டார்:

"அந்தத் தராசு இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணா. பரண்ல கிடக்கு."

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா."

எதற்கென்று நான் கேட்கவில்லை. நாளை ஞாயிறு. தராசை இறக்கித் துடைத்து, கொக்கியில் இருந்த துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.