உப்பில்லாத தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

எங்கள் மருந்துக்கடையில் பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். கோடை தவிர மற்ற மாதங்களில் அந்த டப்பா காலியாக வாரக்கணக்கில் ஆகும். போன ஐப்பசியில், மழை விட்ட நாலாவது நாள், காலை பத்து மணிக்குள் பாதி டப்பா தீர்ந்துவிட்டது. சின்ன ஊர், வாங்கிப் போனவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள். ஏழு பேர். அதில் ஆறு பேர் ஒரே தெரு. மாதா கோயிலுக்குப் பின்னால் கடலுக்கு இறங்குகிற தெரு. என் பெரியம்மா வீடும் அங்கேதான்.

ஏழாவதாக வந்த பெண்ணின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். கண் உள்ளே போயிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போகிற வழியில் கொடுக்க பாக்கெட்டும் தந்து, "ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட், டம்ளரில் கலக்கிடாதம்மா" என்றேன். எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு ஏனோ, "எந்தத் தண்ணியில கலக்குவே?" என்றும் கேட்டேன்.

"நல்ல தண்ணியிலதாண்ணே. காவேரித் தண்ணி. நேத்துதான் பிடிச்சேன்."

பையனுக்கு எதனால் வயிறு போகிறதோ, அதையே மருந்தில் கலந்து திரும்பக் கொடுக்கப் போகிறாள். கடையில் இருந்த ஆறவைத்த வெந்நீரை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

'நல்ல தண்ணி' என்ற சொல்லைப் பற்றி அதற்கப்புறம்தான் யோசித்தேன். எங்கள் கரையில் அதற்கு ஒரே பொருள், உப்பில்லாத தண்ணீர். ஊரில் இருப்பது இரண்டே தண்ணீர்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நடுவில் சவர்த் தண்ணீர் என்று ஒன்று, குளிக்க, பாத்திரம் கழுவ. அப்பத்தா காலத்தில் பெண்கள் விடியுமுன்னே மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள். கடலோர மணலுக்குள் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் உப்பு கீழேயிருந்து அந்த அளவுக்கு ஏறி வந்துவிடும். அப்பத்தா சிரட்டையால் எடுத்தார், உப்பு ஏறவில்லை. பிறகு எல்லோரும் போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சினோம், ஏறிவிட்டது. 'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டும் பேச்சு எங்கள் மாவட்டத்தை வைத்து வந்ததுதானே. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த தண்ணீர் இவ்வளவு தூரம் குழாயில் வந்து வாசலில் கொட்டும்போது, அதைச் சந்தேகப்பட இங்கே யாருக்கும் மனசு வராது. எனக்கும் வந்ததில்லை.

அன்று மத்தியானம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "தண்ணி கல்கண்டாட்டம் இருக்கு, இதுல என்னத்தடா தேடுற?" என்றார். அவர் மகன் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுவந்து சொம்பில் வைத்துக் காட்டினான். 310. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. அதை வைத்துக் கரைந்த உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. கிருமி அதன் கண்ணில் படாது. சாக்கடைத் தண்ணீர் ஒரு டம்ளர் கலந்த குடத்திலும் அது கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று அளவு இருக்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத ஊர் என்றால் 2000 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். நைட்ரேட்டுக்கு 45, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. மலக்கிருமியான ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதிலும் சலுகை கிடையாது. நம் நாக்கோ இதற்கு நேர்மாறாகத் தீர்ப்புச் சொல்கிறது. உப்பைக் கண்டால் துப்புகிறது, கிருமியையும் நைட்ரேட்டையும் கல்கண்டு என்கிறது.

பக்கத்துக் கிராமத்தில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி எடுத்த ஒரு அக்கா இருக்கிறார், மகளிர் குழுவில். அவரிடம் கேட்டு ஆறு சோதனை பாட்டில் வாங்கி வந்தேன். விரல் நீளம், உள்ளே மருந்து ஊறிய ஒரு தாள். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி வைத்தால் போதும், மலம் கலந்த தண்ணீர் என்றால் கறுத்துவிடும். ஒன்றில் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற முதல் குழாயில் பிடித்தேன், இன்னொன்றில் பெரியம்மா வீட்டுக் குழாயில். இரண்டையும் கடையில் காலண்டருக்குக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் அதே இளமஞ்சளில் இருந்தது. பெரியம்மா வீட்டுத் தண்ணீர் மசி மாதிரிக் கறுத்துப் போயிருந்தது. மூடியைத் திறக்கவில்லை, ஆனாலும் பக்கத்தில் போனால் கூமுட்டை வாடை.

அந்தக் கறுப்பை நான் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் அன்றைக்குப் பிடித்து வைத்த இரண்டு குடத்தையும் முற்றத்தில் கவிழ்த்தார். எங்கள் ஊரில் ஒருத்தர் நல்ல தண்ணீரைக் கீழே கொட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முறையிடப் போன இடத்தில், "தொட்டியில மருந்து போட்டாச்சு" என்றார்கள். அதுவும் உண்மைதான். குளோரின் பார்க்கிற சொட்டு மருந்தை விட்டால் தொட்டியடித் தண்ணீர் மஞ்சளாக மாறியது. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். தெருக் கடைசியில் சொட்டு விட்டால் நிறமே வரவில்லை. ஆக, வழியில் ஏதோ நுழைந்து குளோரினைத் தின்றுவிட்டது.

எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் தண்ணீர். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. தண்ணீர் நிற்கும்போது குழாய் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். அந்தத் தெருவில் குழாய் வாறுகாலுக்கு, அதாவது சாக்கடைக்கு, அடியில் போகிறது; மழையில் வாறுகால் நிரம்பி நின்றது. போதாததற்கு, முறைத் தண்ணீர் வந்ததும் வீட்டுக்கு வீடு குழாயோடு மோட்டாரை மாட்டி இழுக்கிறோம். பெரியம்மா வீட்டிலும் உண்டு. மோட்டார் உறிஞ்சும்போது விரிசலுக்குப் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துதான் வரும். தோண்டிப் பார்த்தபோது பிளாஸ்டிக் குழாய் இணைத்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும் விரிசல், அதைச் சுற்றிக் கறுத்த சேறு. வந்த தொழிலாளர் இருவர் அரை நாளில் மாற்றிவிட்டார்கள். தோளளவு குழியில், அந்தச் சேற்றில் வெறுங்கையோடு இறங்கி வேலை செய்தார்கள். அவர்களுக்குக் கையுறைகூட யாரும் கொடுக்கவில்லை என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பலபேர் அந்த வாரமே கேன் தண்ணீருக்கு மாறினார்கள். கேனில் வருவது ஆர்.ஓ. எந்திரத்தில் வடித்த தண்ணீர். ஆர்.ஓ. உப்பை எடுக்கும். குளோரினும் அதில் மிஞ்சாது. கழுவாத கேனிலோ, கைவிட்டு மொள்ளும் குடத்திலோ அதை ஊற்றி வைத்தால் திரும்பக் கெட்டுப்போவதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. கொப்புளித்துக் கொதிக்க ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவைத்த குழாய்த் தண்ணீரே எனக்குப் போதும். விறகும் கேஸும் செலவென்றால், கவரில் எழுதியுள்ள அளவுக்குக் குளோரின் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம். மருந்து வாடை அடித்தால் முகம் சுளித்து ஊற்றிவிடுகிறார்கள். அந்த வாடைதான் காவல் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பையன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும் என்று அவன் அம்மாவுக்கு இரண்டு முறை சொன்னேன்.

முந்தாநாள் பெரியம்மா வீட்டுத் தண்ணீரில் சொட்டு விட்டேன், இளமஞ்சள் வந்தது. கீழத் தெருவில் இன்னும் பார்க்கவில்லை. அங்கேயும் குழாய் வாறுகாலோடுதான் போகிறது. பாட்டில் நான்கு மீதி இருக்கிறது, வெள்ளிக்கிழமை தண்ணீர் திறக்கும்போது போகிறேன்.