நூறு ரூபாய்க் கட்டணமும் ஏழு நாள் வெயிலும்

கருவாட்டைப் பாக்கெட் போட்டு விற்பதற்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆனாலும் நினைத்தால் வயிறு எரிகிறது. கருவாடு போட்டுப் பிழைக்கும் இன்னொரு பெண் என்னைப் போல் அலையக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கம், பாக் விரிகுடாவைப் பார்த்த கரை எங்களுடையது. என் மாமியார் முப்பது வருடம் கூடைச் சுமையாகக் கருவாடு விற்றவர். அவரிடம் யாரும் ஒரு தாள் கேட்டதில்லை. அதே நெத்திலியை அரைக் கிலோ பாக்கெட்டாகக் கட்டி மதுரைக்கு அனுப்ப நான் நினைத்தேன். அங்கே ஒரு மளிகைக் கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு மீனை எடுத்து ஒடித்தார். டக்கென்று முறிந்தது. வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். முறிந்த நுனியை நாக்கில் வைத்து உப்பு பார்த்தார். பிறகு நாலைந்தை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மணல் உதிர்கிறதா என்று பார்த்தார். எல்லாம் அரை நிமிடம். "சரக்கு முதல் தரம், தங்கச்சி. ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இல்லாமல் என் கடையில் வைக்க முடியாது. அதிகாரிகள் வந்து பார்த்தால் எனக்கல்லவா அபராதம்?" என்றார்.

அந்த அரை நிமிடத்தை நினைவில் வையுங்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களில் என் சரக்கை ஒடித்துப் பார்த்த வேறு மனிதர் ஒருவரும் இல்லை.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஆதார், புகைப்படம், பணம்; கால் மணி நேரத்தில் முடிந்தது. தவறும் அந்தக் கால் மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. நான் விண்ணப்பித்த 2023 பிப்ரவரியில், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் வெறும் பதிவு போதும்; வருடத்துக்கு 100 ரூபாய். கணினி மையத்துப் பையன் மீன் பதப்படுத்துதல் என்ற சொல்லைப் பார்த்ததும் மாநில உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டான். 3,000 ரூபாய் போயிற்று. பதிவு வேறு, உரிமம் வேறு. பணம் கட்டுவதற்கு முன்னால் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி நீங்களே படித்துப் பாருங்கள்.

உரிமம் என்று போனதால் கேள்விகளும் அதற்கேற்ப வந்தன. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, இட வரைபடம், இடத்துக்கான ஆவணம். நாங்கள் காயப்போடுவது கடற்கரைப் புறம்போக்கு. ஊரே தலைமுறை தலைமுறையாக அங்கேதான் பழைய வலையை விரித்து மீன் காயவைக்கிறது. அதற்குப் பட்டா யாரிடம் இருக்கும்? எழுத்தரிடம் கேட்டேன். தலை நிமிராமல், "தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள்" என்றார்.

"யாரிடம் சார்?"

"அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்."

ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் கை காட்டினார்கள். அங்கே போனால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வருகிறது, கை வைக்க முடியாது என்றார்கள். கரையோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் அந்த மண்டலத்துக்கான மத்திய அரசு அறிவிக்கையை இரவில் கைபேசியில் தேடி எடுத்துப் படித்தேன். உள்ளூர் மீனவர்களுக்கான மீன் உலர்த்தும் களங்களை அனுமதிக்கலாம் என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் அதைப் படித்திருந்தவர் ஒருவரும் இல்லை.

அலுவலகத்துக்கு என் ஒரு நாள் போனால் ஒரு வெயில் போயிற்று என்று அர்த்தம். இது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிவதே இல்லை. நெத்திலி காத்திருக்காது. காலையில் கரைக்கு வந்தால் அலசி, உப்பில் புரட்டி, வெயில் ஏறுவதற்குள் விரித்தாக வேண்டும். நடுப்பகலில் புரட்டிப் போட வேண்டும். பொழுது சாய்ந்து பனி இறங்குவதற்குள் வாரி உள்ளே வைக்க வேண்டும். மூன்றாவது முறை போனபோது 40 கிலோ விரித்துவிட்டுப் போயிருந்தேன். "அதிகாரி வருவார், இருங்கள்" என்று சொல்லி மாலை ஐந்து மணி வரை உட்கார வைத்தார்கள். அவர் வரவில்லை. நான் வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. முட்டிவலியோடு மாமியார் பாதியைத்தான் வாரியிருந்தார். மீதி பனியில் நனைந்து, மறுநாள் மஞ்சளித்து, அமுக்கினால் விரலில் ஒட்டியது. கோழித் தீவனத்துக்குத்தான் போயிற்று. அந்த நட்டத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

வழி காட்டியவர் அரசாங்கச் சம்பளம் வாங்காத ஒருவர். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற டீக்கடைக்காரர் என் தாள்களை வாங்கிப் பார்த்து, "உங்களுக்கு உரிமமே வேண்டாமே அம்மா, பதிவு போதுமே" என்றார். ஒரே வாக்கியம். முதல் நாளே அந்த எழுத்தர் சொல்லியிருக்கலாம்.

மார்ச்சில் புதிதாக விண்ணப்பித்தேன். கடற்கரையை விட்டுவிட்டு, பாக்கெட் கட்டும் என் வீட்டையே இடமாகக் காட்டி, மின் கட்டண ரசீதை வைத்தேன். கொல்லையில் கம்பு நட்டு வலைத் தட்டுகள் அடித்து, காயவைப்பதையும் அங்கே மாற்றிக்கொண்டேன். கச்சான் காற்றில் மணல் ஏறாமல் இருப்பதற்கு அது நல்லதுதான். அதைக் கற்றுக்கொடுத்தது மதுரைக்காரரின் உள்ளங்கை. அப்போது ஐந்து வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட முடிந்தது; 500 ரூபாய் கட்டிவிட்டேன். புதுப்பிக்க மறந்து தாமதக் கட்டணம் கட்டியவர்களை அந்த வரிசையில் பார்த்தேன்.

ஐந்தாம் நாள், ஆய்வுக்கு வருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. தரையைக் கழுவி, உப்புத் தொட்டியைத் தேய்த்து வைத்துக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். "வருவார்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. ஏப்ரல் 15 வந்து மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பச்சை மீன் வரத்துக் குறையும், கருவாட்டுக்கு விலை ஏறும். வருடத்தில் எங்களுக்கு நாலு காசு நிற்பது அப்போதுதான். தடைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சரக்கைப் பாக்கெட் போட முடியாமல், உள்ளூர் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தேன்.

உப்பும் மீனும் சேரும் இடத்தில் சர்க்கார் வந்து உட்காருவது நம் கரைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் உப்புக்கு வரி போட்டார்கள். கருவாடு போடுகிறவர்கள் உப்பு வாங்கத் திணறியதும், சென்னை மாகாணக் கரை நெடுகிலும் மீன் உப்பிடும் முற்றங்களைத் திறந்தார்கள். வரியில்லாத உப்பு வேண்டுமானால் மீனை அங்கே சுமந்துபோய், உப்புத் துறை ஆட்களின் கண் முன்னால்தான் உப்பிட வேண்டும். முதலில் ஒரு முட்டுக்கட்டை, பிறகு அதைச் சுற்றிப் போக அவர்களே கட்டிய ஒரு வேலி. 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சிறை சென்ற ராஜாஜிதான் 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, நம்முடைய ஆட்சியையே 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று சாடினார். பள்ளியில் அதை மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். இப்போதுதான் உறைத்தது.

இனி எனக்குப் பலித்த வழி. உணவுத் தொழில்களின் உரிமம், பதிவு குறித்த 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் 2.1.1 என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பதிவு கேட்டவருக்கு ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும்: தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வு என்று அறிவிக்க வேண்டும். ஆய்வு என்று சொல்லியும் 30 நாளில் முடிவு வராவிட்டால் சிறு உற்பத்தியாளர் தொழிலைத் தொடங்கலாம். பின்னால் ஏதாவது சரிசெய்யச் சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதை அலுவலகத்தில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அறிவிப்பு வந்த 34-ஆம் நாள், அந்த வரிகளை அப்படியே எடுத்தெழுதி, "நாளை முதல் தொழில் தொடங்குகிறேன்" என்று முடித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்தே நாளில் சான்றிதழ் வந்தது. ஆய்வுக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. மாமியார் அந்தத் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கா இத்தனை வெயிலை விட்டாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தராசு முத்திரை சிக்கலில்லாமல் முடிந்தது. மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் போட வேண்டும். பாக்கெட் கட்டுபவராகப் பதிய 500 ரூபாய். லேபிளில் மட்டும் கவனம் தேவை. கிராமுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்துத்தான் போட வேண்டும். அச்சகத்தில் மூன்று எழுத்து போட்டுவிட்டார்கள். ஆயிரம் லேபிளும் வீண். அச்சுக்கு முன் மாதிரியை வாங்கிப் பாருங்கள்.

சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைகளும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் மதுரைக் கடைக்காரர் ஒவ்வொரு மூட்டையையும் ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார். மணல் இருந்தால் அடுத்த மூட்டைக்கு ஆர்டர் வராது. அந்தப் பயம்தான் என் கொல்லையைச் சுத்தமாக வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குத் தாள் பார்க்கத் தனி ஆள் இருக்கிறார். எனக்கு நான்தான் ஆள், நான் போனால் மீனைப் புரட்ட யாரும் இல்லை. பக்கத்துத் தெரு அக்கா என் அலைச்சலைப் பார்த்தே பாக்கெட் போடும் எண்ணத்தை விட்டுவிட்டிருந்தார். சூடை மீனையும் காரல் மீனையும் அவரைப் போல் காயவைக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. வியாபாரி கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருந்தார்.

போன வாரத்துக்கு முந்தைய வாரம் அவருக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். பதிவுதான். இன்று 12-ஆம் நாள். நாட்காட்டியில் 7-க்கும் 30-க்கும் வட்டம் போட்டு அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கடிதமும் தயாராக இருக்கிறது, தேதி மட்டும் போட வேண்டும்.