மாட்டுப் பொங்கலன்று அப்பாவின் இலை

பொங்கல் நோம்பி நாளில் அப்பாவைத் தோட்டத்துக்கு அழைத்து வருவதா, இல்லை தோட்டத்துச் சாப்பாட்டைக் கோவையில் அவர் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டு போவதா என்ற பேச்சு, மார்கழி முடியும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எழுந்துவிடும். சொந்தபந்தங்களில் பெரும்பாலோர் அழைத்து வருவதுதான் முறை என்பார்கள். சாப்பாட்டைக் கொண்டு போவதுதான் சரி என்பது என் கட்சி.

காரணம் எளியது. எங்கள் பக்கம் மாட்டுப்பட்டியில் வைக்கும் பட்டிப் பொங்கல் சாயங்காலத்தில்தான். அப்பாவைப் போல் அல்சைமர் நோய் முற்றியவர்கள் பலருக்கு அந்தி சாயும் நேரத்தில்தான் குழப்பமும் பதற்றமும் கூடுகின்றன. மாடுகளின் சலங்கையும், தாம்பாளத்தைத் தட்டும் ஓசையும், 'பொங்கலோ பொங்கல்' என்ற கூச்சலும், முகம் பிடிபடாத அத்தனை உறவுகளும் ஒருசேரச் சூழ்ந்துகொள்ளும் அந்த வேளையில் அவரைப் பட்டியில் நிறுத்துவது நம் ஆசைக்காகவே தவிர அவருக்காக அன்று. ஆகவே மதியச் சாப்பாட்டை அவரோடு முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் காங்கேயம் பக்கத்திலுள்ள எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, திரும்பிவிடுகிறோம்.

தூக்குப்போசியில் எடுத்துச் செல்வதும் கொஞ்சம்தான். குழைய வேகவைத்த அரிசியும் பருப்பும் சாதம், நெய், கத்திரிக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர், சர்க்கரை வியாதி இருப்பதால் அளவாக ஒரே ஒரு கச்சாயம் என்னும் இனிப்புப் பலகாரம். ரசம் கொண்டு போவதில்லை. இந்நோய் வளர வளர விழுங்குவதும் சிரமமாகிறது. தண்ணீராக ஓடுகிற பண்டங்கள் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நிமிர்ந்து உட்காரவைத்து, வாயில் இருப்பது இறங்கிய பிறகே அடுத்த கவளம் என்று இல்லத்துச் செவிலியர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

வாழையிலை மட்டும் கட்டாயம் உண்டு. அது மரபுக்காக மட்டுமன்று. இல்லத்து வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குப் பிடிபடுவதில்லை. நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனும் இந்நோயில் மங்குகிறது. பச்சை இலையில் மஞ்சள் சாதம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் விருந்து இலையைப் போல் பத்து வகையைப் பரப்பினால் எதைத் தொடுவது என்று திகைத்துப் போவார். ஒன்றை வைத்து, அது தீர்ந்த பிறகு அடுத்ததை வைக்க வேண்டும்.

என் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. ஆயினும் இலையின் முன் உட்கார்ந்ததும் வலக்கை தானாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறது. சோற்றின் நடுவே குழி பறித்து, நெய் விழும்வரை காத்திருந்து, ஓரத்திலிருந்து பிசைந்து, நுனிவிரல்களால் உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் வாயில் இடுகிறார். புதிய நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் மூளைப்பகுதி முதலிலேயே சிதைந்தாலும், கை பழகிய செயல்கள் வேறு வழியில் தங்கியிருப்பதால் நெடுநாள் நீடிக்கின்றன என்கிறார்கள். ஸ்பூனைக் கொடுத்தால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் இவரேதான்.

சென்ற பொங்கலுக்குப் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார். மாட்டுப் பொங்கலன்று கால்நடைகள் வயிறு நிறையாமல் அவர் வாயில் சோறு வைத்தவரல்லர். அந்த மாடுகளை விற்று வெகுகாலம் ஆயிற்று. உண்மையைச் சொல்லித் திருத்துவது நேர்மை என்று என் தங்கை நினைக்கிறாள். அப்படிச் சொன்னால் விற்ற துக்கத்தை அவர் புதிதாக அனுபவித்து, பின்னர் அதையும் மறந்து, மறுபடியும் கேட்பார். "ஆச்சுங்கப்பா, செவலைதான் குடிக்க அடம் பிடிச்சுதுங்க" என்றேன். "அது அப்படித்தானுங்க" என்று சிரித்துவிட்டு மீண்டும் பிசையத் தொடங்கினார். 'ஞாபகம் இருக்கா, நான் யார்?' என்று பரீட்சை வைப்பதைக் காட்டிலும் இத்தகைய பேச்சில் அவர் இயல்பாக இருக்கிறார்.

பெற்றவரை இல்லத்தில் விட்டுவிட்டு நோம்பி கொண்டாடுகிறார்கள் என்று பேசுவோர் ஊரில் உண்டு. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. பேசுகிறவர்களின் வீட்டுத் திண்ணையிலும் அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடும். ராத்திரியில் கிணற்றை நோக்கி நடந்துவிடும் ஒருவரைத் தோட்டத்தில் தனியே வைத்துக் காப்பது எத்தகையது என்பது காத்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தத் தை மாதமும் கொண்டுதான் போகப்போகிறோம். கச்சாயத்தை மட்டும் இன்னும் மிருதுவாகச் சுட்டு, சிறு துண்டுகளாகக் கிள்ளி வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.