ஆபீஸ் குரூப்பில் வேண்டாம்

2020 ஏப்ரலில் எங்கள் டீம் வாட்ஸாப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பழத்தில் எச்சில் தடவுகிறார். கீழே இந்தியில் 'கொரோனா ஜிகாத், உஷார்' என்று எழுதியிருந்தது. போட்டவன் டீமிலேயே சின்னவன், கான்பூர் பக்கத்துப் பையன். அவனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினேன்: "ஆபீஸ் குரூப்பில் இதெல்லாம் வேண்டாம்ப்பா." "சரி பய்யா, ஸாரி" என்று உடனே அழித்துவிட்டான்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் நான் எழுதிய அந்த ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை. இது பொய் என்று நான் எழுதவில்லை. இங்கே வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். வேறெங்காவது போட்டுக்கொள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

குரூப்பில் பதினான்கு பேர். டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண் மட்டும் முஸ்லிம். வீடியோ கண்ணில் படாமல் மேலே போகட்டும் என்று, 'நான்கு மணிக்கு ரிலீஸ் கால், எல்லோரும் வந்துவிடுங்கள்' என்று அவசரமாக ஒன்று போட்டேன். முதல் பதில் அவருடையதுதான். 'ஓகே சார்.' அதற்கு மேலே என் மெசேஜ், அதற்கும் மேலே 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அழிப்பதற்குள் அவர் பார்த்துவிட்டாரா என்று நான் கேட்கவே இல்லை. அன்றைய காலில் அவர் குறைவாகத்தான் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது. நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஊரடங்கு, தலைக்கு மேல் ரிலீஸ். அத்தனை பேரில் அரைகுறை இந்தியோடு நான் ஒருவன்தான் மதராஸி. வாதத்தில் இறங்கினால் பேச்சு வீடியோவை விட்டு என்மேல் திரும்பிவிடும். அதே ஆகஸ்டில், டெல்லியில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மத அமைப்பின் மாநாட்டுக்கு வந்து கொரோனாவைப் பரப்பியதாகக் குற்றம்சாட்டப்பட்ட வெளிநாட்டினர் சிலர் மீதான வழக்குகளை பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்களைப் பலிகடா ஆக்கியிருக்கலாம் என்றும் சொன்னது. அந்தச் செய்தியைக் குரூப்பில் போடலாமா என்று யோசித்தேன். ஆபீஸ் குரூப்பில் வேண்டாம் என்று சொன்னவனே நான்தானே. போடவில்லை.

இந்திய இணையக் கூட்டங்கள் ஏன் இவ்வளவு வலதுபக்கம் சாய்கின்றன என்றால் எல்லோரும் பாஜகவின் இணையப் பிரசாரப் பிரிவான ஐடி விங்கைச் சொல்வார்கள். சரிதான். 2014 தேர்தலிலேயே சமூக ஊடகத்தில் பாஜக மற்றவர்களை முந்திக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தபோது, புதிதாகப் போனைத் திறந்தவர்களை வரவேற்க அந்தக் கூட்டம் தயாராக இருந்தது. தளங்களும் சும்மா இருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவர், 21 வயது இந்தியப் பெண் என்று ஒரு சோதனைக் கணக்கு தொடங்கி, தளம் பரிந்துரைத்ததை மட்டும் பின்தொடர்ந்தார். இடையில் புல்வாமா தாக்குதல் நடந்தது. வாழ்நாள் முழுவதும் பார்த்ததைவிட அதிகமான பிணப் படங்களை அந்த மூன்றே வாரத்தில் பார்த்ததாக அவர் எழுதிவைத்தார்.

இதெல்லாம் உண்மை. ஆனாலும் இந்தப் பையனைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அவனுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ராஜஸ்தானில் கோட்டா என்ற ஊரில் இரண்டு வருஷம் கோச்சிங், அப்படியும் ஐஐடி கிடைக்கவில்லை. அந்தக் கோபம் மொத்தமும் இடஒதுக்கீட்டின் மேல். ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிக்கு அவனோடு பேச விழித்திருந்தவர்கள் டெலிகிராம் குரூப்காரர்கள்தான். "அங்கேதான் பய்யா நான் சிரித்தேன்" என்று ஒருமுறை சொன்னான். எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது என்று அவனிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. தங்கை மகனின் போனில் சாதிப் பெருமை ரீல்ஸைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

2022 ஜனவரியில் 'புல்லி பாய்' செயலி விவகாரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு ஏலம் என்றார்கள். கைதானவர்களில் ஒரு பெண்ணுக்கு 18 வயது; 21 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவரும் இருந்தார். டீ குடிக்கும்போது பையன் சொன்னான்: "அது வெறும் மீம் பய்யா. யாரையும் நிஜமாக விற்கவில்லையே."

"நம் டெஸ்டிங் பெண்ணின் படம் அதில் இருந்திருந்தால்?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "தீதி வேறு பய்யா." தீதி என்றால் அக்கா.

அவன் நடிக்கவில்லை. முந்தைய மே மாதம், லக்னோவில் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் தவித்தபோது, விடிய விடிய அதே டெலிகிராம் குரூப்களில் கேட்டுக் கேட்டு சிலிண்டர் பிடித்துக் கொடுத்தவன் இவன்தான். அவர் குரூப்பில் எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு நன்றி சொன்னார். 2020இல் நான் அவனைப் பத்துப் பேர் முன்னால் பொய்யன் ஆக்கியிருந்தால், அந்த ராத்திரி அவன் விழித்திருப்பானா? இப்படிக் கணக்குப் போட்டுத்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஒரு சிலிண்டரை வைத்து என் மௌனத்தை நேர் செய்வது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

போன மாதம் வேறொரு நிறுவனத்தின் எச்ஆர் போன் செய்து அவனைப் பற்றி விசாரித்தார்கள். வேலை எப்படி என்றார்கள், சொன்னேன். டீமில் எல்லோரிடமும் எப்படிப் பழகுவார் என்று கேட்டார்கள். நன்றாகப் பழகுவார் என்றேன். இந்தக் கேள்விக்கு டெஸ்டிங்கில் இருந்த அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.