மணல்ல மாட்டுனா ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க, காத்த எறக்குங்க

மொத தடவ மணல்ல எறங்குனப்போ டயர்ல ரோட்ல ஓட்டுற அதே 33 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) தான், ஃபோர் வீல் டிரைவ் இருக்கே அப்புறம் என்னன்னு ஒரு தெனாவட்டு. ஐம்பது அடி போகல, பின் சக்கரம் ரெண்டும் குழி தோண்டி உக்காந்துருச்சு, நான் மிதிக்க மிதிக்க இன்னும் கீழ தான் போச்சு. கூட வந்த அண்ணன் ஒண்ணும் பேசாம நாலு டயரையும் 18க்கு எறக்கி, சக்கரத்துக்கு முன்னாடி இருந்த மணல ஒதுக்கிட்டு, இப்ப மெதுவா எடுன்னாரு. வந்துருச்சு!

காத்து கொறஞ்சா டயர் அகலமாகும்னு தான் நானும் நெனச்சிருந்தேன். அகலம் கொஞ்சம் தான் கூடும், தரையில படியுற நீளம் தான் நல்லா கூடுது, எடை பரவுறதால வண்டி புதையாம மேலயே போகுது. பாறைல வேற கதை, டயர் கல்ல அப்படியே கவ்விக்கும், குலுக்கலும் கொறையும், ஆனா சைட்வால் (டயரோட பக்கவாட்டுச் சுவர்) வெளிய பிதுங்குறதால கூரான கல்லு கிழிச்சிரும், அதனால மணல் அளவுக்கு எறக்க மாட்டேன்.

என் கணக்கு, சரளை ரோடு 26-28, பாறை 20-22, மணல் 16-18. சேத்துக்கு ஒரே நம்பர் கெடையாது, அடியில கெட்டித் தரை இருந்தா ரொம்ப எறக்காம விடுவேன், டயர் சேத்த வெட்டிட்டுப் போய் கீழ பிடிச்சிக்கும். இதெல்லாம் என் வண்டிக்கு, சாமான் ஏத்துனா பின்னாடி ரெண்டு மூணு கூட வைப்பேன். சைட்வால் உயரம் கம்மியான டயர்னா எறக்கியும் பெருசா பலன் இல்ல, ரிம் தான் அடி வாங்கும்.

ரொம்ப மாட்டுனா 12 வரைக்கும் போவேன், வெளிய வந்ததும் ஏத்திரணும். ஒரு தடவ ஏத்த சோம்பல்பட்டு அப்படியே ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்புனேன், டயர் ரிம்ம விட்டுக் கழண்டுருச்சு, அதுக்கப்புறம் ஜாக்கி மணல்ல புதைஞ்சு பட்ட பாடு தனி.

திரும்ப காத்தடிக்க கம்ப்ரஸர் இல்லாம மட்டும் காத்துல கை வைக்காதீங்க. 18ல தார் ரோடு ஏறி வேகமா போனா சைட்வால் மடங்கி மடங்கி சூடாகி வெடிச்சிரும். அளக்குறதும் டயர் ஆறுன பிறகு தான், ஓடி வந்த சூட்டுல மூணு நாலு பிஎஸ்ஐ கூட காட்டும், அத நம்பி எறக்குனா ஆறுனதும் நெனச்சதுக்கும் கீழ போயிருக்கும். அப்புறம் காத்து அளக்குற கேஜ் ஒண்ணையே வச்சு எப்பவும் அளங்க, என்கிட்ட இருக்க ரெண்டும் ஒரே டயருக்கு ரெண்டு விதமா சொல்லுது.