கண்ணுக்குக் கடைசி இடம்

ஜூலை 3
கதை நடக்கும் இடத்தை எழுதச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைகளிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வரி: "காடு அழகாக இருந்தது." காடு போய்க் கடல் வந்தாலும் அந்த "அழகாக" போகாது. கண் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அள்ளி ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது. அதனால் இடத்தை ஐம்புலன்களால் விவரிக்கும் இந்தப் பயிற்சியில் கண் கடைசி. உயிர்களை அறிவின் படி வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியலும் தொடுவதில் தொடங்கி, நாவையும் மூக்கையும் கடந்துதான் கண்ணுக்கு வருகிறது. (அங்கே செவி ஐந்தாவது. இங்கே செவியைக் கண்ணுக்கு முன்னும், நாவைச் செவிக்குப் பின்னும் மாற்றிக்கொள்ளலாம்.)

ஜூலை 4
தொடுகை. ஒரு துணிப்பை, உள்ளே மரப்பட்டை, கூழாங்கல், பஞ்சு, காய்ந்த இலை. கையை விட்டு, பெயர் சொல்லாமல் விவரிக்க வேண்டும். பொருளை ஒளித்து வைத்தால் "மரப்பட்டை!" என்று கத்துவதோடு ஆட்டம் முடிந்துவிடும், முன்பே காட்டிவிடுவது நல்லது. சொரசொர, வழவழ, பிசுபிசு எல்லாம் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே உண்டு. நோட்டில் எழுதலாமா என்றுதான் தயங்குவார்கள். பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும்.

ஜூலை 7
மணம். மூடியில் துளையிட்ட நான்கு டப்பாக்கள்: ஈர மண், எலுமிச்சைத் தோல், சோப்புத் துருவல், பென்சில் சீவல். இன்னும் கூட்டினால் மூக்கு மழுங்கிவிடும். நான்கையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் மறுநாள் எல்லாமே சோப்புதான். யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நல்ல வாசனை", "கெட்ட வாசனை" இரண்டைத் தாண்ட மாட்டார்கள். மணம், வாடை, நெடி, வீச்சம் என்று நான்கு சொற்களைக் கொடுத்து, எது எதற்குப் பொருந்தும் என்று சண்டை போட விடலாம். மூக்கில் ஏறிக் குத்துவது நெடி என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

ஜூலை 8
ஒலி. கண்ணை மூடி 30 நொடி, பழகியபின் 60. தாளின் நடுப்புள்ளி தான் இருக்கும் இடம். அருகில் கேட்டதைப் புள்ளியருகே, தொலைவில் கேட்டதை ஓரத்தில் குறிக்க வேண்டும். "சத்தம் கேட்டது" என்று எழுதினால் இரண்டே கேள்விகள்: எது? என்ன செய்தது? "தகரத்தில் மழை தடதடத்தது" என்று தானாக வரும்.

ஜூலை 10
சுவை. புலனுக்கு ஒன்றாக ஐந்து கட்டம் போட்ட தாளைக் கொடுக்கவே கூடாது. கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று கதையில் வருபவனைக் குகைச் சுவரை நக்கவைத்துவிடுவார்கள். கடற்காற்றில் உதட்டில் உப்பு, புழுதியில் வாய்க்குள் மண் என இயல்பாக வந்தால் மட்டும் போதும்.

ஜூலை 11
இன்று எல்லாம் சேர்த்து ஒரு குகையைப் பற்றி மூன்று வாக்கியம்: இரண்டு புலன், கடைசியில் ஒரு காட்சி. முதல் வரைவில் "கேட்டான், முகர்ந்தான், தொட்டான்" என்று பட்டியல் நீளும். அந்த வினைகளை அடிக்கச் சொன்னால், "நீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டான்" என்பது "எங்கோ நீர் சொட்டியது" ஆகிவிடும்.

பிறகு அதே குகையில் ஆளை மாற்றலாம். வழி தவறிய சிறுமிக்கு அந்தச் சொட்டு, குடிக்கத் தண்ணீர். ஒளிந்திருக்கும் திருடனுக்கு, யாரோ நடந்து வரும் காலடி.