உல்லைக்குப் போனேன், அறுகம்பேயும் பார்த்தேன்

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தும் முப்பது வயது தாண்டும்வரை நான் அறுகம்பேயில், பலகையில் ஏறி அலைமேல் சறுக்குகிற சர்ஃபிங்குக்குப் பேர்போன அந்தக் கிழக்குக் கரை ஊரில், ஒரு ராத்திரி தங்கியதில்லை. அது வெள்ளைக்காரர் போகிற இடம், நமக்கென்ன அங்கே வேலை என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால் அந்தக் கரையை நான் சின்ன வயதிலேயே நடந்து கடந்திருக்கிறேன். 2004இல், சுனாமிக்குச் சில மாதங்கள் முன்பு, அம்மம்மாவோடு கதிர்காமப் பாதயாத்திரை போனபோது. அன்றைக்கு அந்த இடத்துக்கு எங்கள் கூட்டத்தில் எல்லோரும் சொன்ன பேர் உல்லை. அறுகம்பே என்று ஒருவரும் சொல்லவில்லை, கடலில் பலகை வைத்து நிற்கிறவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை, கால் கொப்புளத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

இந்த ஆகஸ்டில் நாலு நாள் லீவு கிடைத்தது. பஸ் ஏறினேன்.

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், அக்கரைப்பற்றில் பஸ் மாற வேண்டி வந்தது. திருக்கோவிலில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது நல்லது, சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்து நிற்கிற அழகுக்காகவே. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அந்தக் கடற்கரையில் மண் தெரியாது, தலைதான் தெரியும். மற்ற நாட்களில் தோணிகளும் நாய்களும்தான்.

பொத்துவிலைத் தாண்டிப் பாலத்தில் ஏறினால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு. பழைய பாலத்தைச் சுனாமி உடைத்துவிட்டுப் போனது, இது பிறகு கட்டியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரே தெரு. அறை வாடகை, பலகை வாடகை, ரொட்டிக் கடை, பள்ளிவாசல், மீன் காயப்போடுகிற வலை, ஹீப்ரூவில் எழுதிய போர்ட், எல்லாம் அந்த ஒரே தெருவில். அலைக்காரர்களின் வரைபடத்தில் இந்தக் கரைக்கு வேறே பேர்கள். வடக்கே விஸ்கி பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட். ஊருக்குள் மெயின் பாயிண்ட், பேபி பாயிண்ட். தெற்கே எலிஃபண்ட் ராக், பீனட் ஃபார்ம், ஒகந்தா. ஒகந்தா என்று அவர்கள் சொல்வது எங்கள் உகந்தைதான்.

பீனட் ஃபார்ம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் நிலக்கடலைக்குக் கச்சான் என்று பேர். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற காய்ந்த காற்றுக்கும் கச்சான் என்றுதான் பேர். இந்தக் கரையில் அலை நன்றாக எழும்புவதற்கே அந்தக் காற்றுதான் பாதிக் காரணம் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. அலை வருவது எங்கேயோ தெற்குச் சமுத்திரத்தில் அடிக்கிற புயல்களிலிருந்து. அது முனையில் இருக்கிற பாறையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும்போது, தரையிலிருந்து கடலுக்குப் போகிற கச்சான் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, உடனே சரிந்து விழ விடாமல். மத்தியானம் கடல்காற்று திரும்பினால் தண்ணீர் முகம் குலைந்துபோகும், அதனால்தான் விடியமுன்னே பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஓடுகிறார்கள். ஒக்டோபர் கடந்து வாடை தொடங்கினால் மழை. கடைகளைப் பூட்டிவிட்டு அலைக்காரக் கூட்டம் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடும்.

சரி, நானும் பேபி பாயிண்டில் இறங்கினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கடலில் குளிப்பது என்றால் முழங்கால் மட்டும்தான், அதுவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. நான் நீட்டுக் கை பெனியனும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, யாராவது ஊர்க்காரர் பார்க்கிறாரா என்று நாலு பக்கமும் பார்த்தேன். ஒருவருக்கும் என்னைப் பார்க்க நேரமில்லை. இந்த ஊரில் 2018இல் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃப் கிளப் தொடங்கினார்கள், இலங்கையில் அப்படி ஒன்று அதுதான் முதல். அதைத் தொடங்கிய பெண்கள் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால், என் வெட்கத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

சொல்லித்தந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அக்கா, காலைப் பார்க்காதீங்க, கரையைப் பாருங்க" என்று நூறு தடவை சொல்லியிருப்பான். நான் காலைத்தான் பார்த்தேன். முதல் நாள் முழுக்க உப்புத்தண்ணி குடித்ததுதான் மிச்சம், பலகை திரும்பி வந்து நாடியில் அடித்ததில் இரண்டு நாள் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத்தான் சாப்பிட்டேன். போதாக்குறைக்குப் பலகையைத் திருப்பிக் கொடுத்த கடையில், ஏற்கெனவே இருந்த விரிசலை என் தலையில் கட்டிக் காசு கேட்டார்கள். எடுக்கும்போதே பலகையை நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், அவ்வளவுதான் என் புத்திமதி.

மூன்றாம் நாள் காலை ஒருமுறை நின்றேன். மூன்று செக்கன் இருக்கும். கரையில் கடலை விற்றுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கை தட்டினார்.

அன்றைக்குப் பின்னேரம் ஓட்டோ பிடித்து உகந்தைக்குப் போனேன். பாணமை தாண்டினால் கிறவல் ரோடு, இரண்டு பக்கமும் பற்றை, யானை நிற்கும் என்று ஓட்டோக்காரர் இருட்டுவதற்கு முன்னே திரும்ப வேண்டும் என்றார். உகந்தையில் மலை, முருகன் கோயில், கடல். முருகனும் வள்ளியும் வந்து இறங்கிய ஓடங்கள் கல்லாகிவிட்டன என்று சொல்வார்கள், கரையில் அந்தக் கற்களை அம்மம்மா எனக்குத் தொட்டுக் காட்டியிருக்கிறா. இங்கேதான் யாத்திரைக்காரர்கள் காட்டுக்குள் இறங்குவது. குமண, கும்புக்கன் ஆறு, யால, பிறகு கதிர்காமம். நான் நடந்த வருடம் அந்த மணலில்தான் படுத்தோம், சாக்கு விரித்து, சோறும் பருப்பும் ஒரே கிடாரத்தில்.

இப்போது போனபோது அதே மணலில் நாலைந்து பலகைகள் சாய்ந்து கிடந்தன. ஈரத் தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று என்னைக் கையால் கேட்டாள். போகலாம் என்று தலையாட்டினேன்.

ராத்திரி அம்மாவுக்கு அழைத்து, உல்லையில் பலகையில் எழும்பி நின்றேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது கிடக்கட்டும் மகள், உகந்தையில கற்பூரம் கொளுத்தினியா?"

கொளுத்தினேன் என்றேன். நாடி வீங்கியதைச் சொல்லவில்லை.